மூன்றாம் எண் சட்டை

2023 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை. வழமைபோல ஐந்தரைக்கு எழுந்தேன். தேநீர் வைத்தேன். வானிலை பார்த்தேன்: வெயில், மழை இல்லை. பாரிசின் லா சப்பலில் ஞாயிறு அதிகாலைதான் அமைதியான நேரம். மரக்கறிப் பெட்டிகளை இறக்கும் வான்கள் வந்ததும் அது முடிந்துவிடும். முதல் வான் வருமுன் குளித்து, பாண் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்தேன். பிறகு குளியலறையிலும் நடையிலும் கட்டியிருந்த கொடிகளிலிருந்து எங்கள் ஊர்ச் சங்கத்தின் உதைபந்தாட்ட உடுப்புகளை எடுத்து மடித்தேன்.

இந்த உடுப்புகள் என் வீட்டுக்கு வந்தது என் கணவரால். அவர் அணியின் மேலாளராக இருந்தார். ஆட்டம் முடிந்ததும் உடுப்புப் பை எங்கள் வீட்டுக்கு வரும். அவர் இறந்த பிறகும் பை வந்துகொண்டிருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் மறுக்கவில்லை. ஆனால் செய்வதை ஒழுங்காகச் செய்வது என் பழக்கம். நான் ஒரு மருந்துக் கடையில் இழுப்பறைகளை அடுக்குபவள். சட்டைகளை உள்பக்கம் வெளியே திருப்பித்தான் கழுவுவேன். குளிர்ந்த தண்ணீர். சூடு பட்டால் முதுகிலுள்ள எண் வெடித்து உரியும். காய்ந்த பின் எண் மேலே தெரியும்படி மடித்து, ஒன்றிலிருந்து வரிசையாகப் பையில் வைப்பேன். எவ்வளவு வெயில் அடித்தாலும் தெருப் பக்க ஜன்னலில் காயப்போட மாட்டேன். எங்கள் கட்டட விதி அதைத் தடுக்கிறது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த விதியை நான் ஒருமுறையும் மீறியதில்லை.

அன்று மூன்றாம் எண் சட்டையை மடிக்கும்போது கை கொஞ்சம் நின்றது.

முதல் நாள் மாலை சங்கத் தலைவர் தொலைபேசியில் அழைத்திருந்தார். அவருடைய பலசரக்குக் கடை என் ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. கையைக் காட்டிக் கூப்பிட்டிருக்கலாம். அழைத்தார் என்றால் முகம் பார்த்துச் சொல்ல முடியாத விஷயம் என்று விளங்கிக்கொண்டேன்.

“தங்கச்சி, நாளைக்கு ஆடுற ஆக்களின்ரை பட்டியல் எழுதியாச்சு. உங்கடை மாப்பிள்ளையின்ரை பேரைப் போடேல்லை. மூண்டாம் நம்பரை வேறை பொடியனுக்குக் குடுப்பம்.”

“ஏன் அண்ணை?”

“ஏன் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே. திரும்பவும் கதை வரும். சட்டையளைக் கொண்டு வாங்கோ, சரியோ?”

“சட்டை வரும்,” என்றேன். அதற்கு மேல் எதையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

அவர் சொன்ன மாப்பிள்ளை என் தங்கையின் கணவர். மெக்சிக்கோக்காரர். பத்து வருடம் உதைபந்தாட்டத்தையே தொழிலாகச் செய்தவர்.

அவருடைய விளையாட்டு வாழ்க்கையை நான் அவர் வாயால் பல இரவுச் சாப்பாடுகளில் கேட்டிருக்கிறேன். வடக்கே ஒரு சுரங்க ஊர். தகப்பன் சுரங்கத் தொழிலாளி. பதினான்கு வயதில் ஒரு இரவு முழுவதும் பேருந்தில் போய் ஒரு கழகத்தின் விடுதியில் சேர்ந்தார். அங்கே இடதுகால் ஆட்டக்காரர் குறைவு என்பதால் அவரை இடது பக்கப் பின்வரிசையில் நிறுத்தினார்கள். பிறகு அந்த இடத்தைவிட்டு அவர் நகரவே இல்லை. பத்தொன்பது வயதில் முதல்தரப் போட்டியில் இறங்கினார். ஒருமுறை தேசிய அணிக்கும் அழைத்தார்கள். ஆட்டம் முழுவதும் மாற்று ஆட்டக்காரர் வாங்கில் இருந்துவிட்டுத் திரும்பினார். ஒரு சொட்டு வியர்வையும் படாத அந்தச் சட்டையைத் தாய் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாராம். “அம்மாவுக்குக் கழுவுற வேலை இல்லை,” என்று சொல்லிச் சிரிப்பார்.

வருடத்தில் ஒருமுறை கழக முதலாளிமார் ஒரு கடற்கரை ஓட்டலில் கூடுவார்களாம். எந்த ஆட்டக்காரனை யாருக்குக் கொடுப்பது என்று கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடிப்பார்களாம். ஒரு வருடம் அவர் சலூனில் தலைமயிர் வெட்டிக்கொண்டிருந்தபோது, வானொலியில் தன் பெயரையும் தான் அதுவரை போயிராத ஒரு நகரத்தின் பெயரையும் கேட்டார். சலூன்காரர்தான் முதலில் கைகொடுத்தாராம். பாதி வெட்டிய தலையோடு எழுந்து வீட்டுக்கு ஓடியதாகச் சொல்வார். அது மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்வது என்று நினைக்கிறேன்.

பிறகு பிரான்சின் வடக்கில் ஓர் இரண்டாந்தரக் கழகம் அவரை எடுத்தது. முதல் பருவம் நன்றாகப் போனது. இரண்டாம் பருவத்தில், ஒரு வியாழக்கிழமைப் பயிற்சியில், பக்கத்தில் ஒருவருமில்லாமல் திரும்பும்போது முழங்கால் போனது. அறுவைச் சிகிச்சை செய்தார்கள். ஒப்பந்தம் முடிந்த நாளில் ஊன்றுகோலோடு போய்த் தன் பெட்டியிலிருந்த சாமான்களை எடுத்துக்கொண்டு வந்தார். பிறகு சிறிய கழகங்களில் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் முயன்று பார்த்தார். கால் இடம் கொடுக்கவில்லை. பாரிசுக்கு வந்து, கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தின் சமையலறையில் சேர்ந்தார். அந்தச் சமையலறையில் முதலாளியைத் தவிர எல்லோரும் யாழ்ப்பாணத்தார். என் தங்கை அங்கே காசாளர்.

அவருடைய தமிழ் அந்தச் சமையலறைத் தமிழ். ஆண்கள் எல்லோரும் அவருக்கு அண்ணை. பேருந்து ஓட்டுநரும் அண்ணை, மருத்துவரும் அண்ணை. எங்களுடையது கத்தோலிக்கக் குடும்பம். கலியாணம் பேசியபோது ஊரிலிருந்த எங்கள் அம்மா தொலைபேசியில் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்.

“வேதக்காரரோ?”

“ஓம் அம்மா.”

“மீன் சாப்பிடுவாரோ?”

“முள்ளோடை சாப்பிடுவார்.”

“அப்ப ஏன் தொலைபேசிக் காசைக் கரைக்கிறாய்? கோயிலிலை சொல்லி நாளை எடு.”

எங்கள் பங்குக்கோயில் குருவானவரே பாரிசுக்கு வந்திருந்த சமயம் பார்த்து ஆசீர்வதித்தார். சங்கத் தலைவர் முன் வரிசையில் இருந்தார். பந்தியில் எழுந்து நின்று “எங்கடை ஊருக்கு ஒரு மெக்சிக்கோ மாப்பிள்ளை!” என்று கை தட்டியவரும் அவர்தான்.

பட்டியலில் பெயர் போட மட்டும் ஏன் பயம்? அதற்கும் ஒரு காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் சங்கம் ஒரு பெரிய கோமாளித்தனம் செய்தது. இங்கே கோடையில் நடக்கும் சுற்றுப்போட்டிகளில் ஒவ்வொரு அணியும் ஒரு ஊரின் அணி. வெளி ஆளை இறக்கக் கூடாது. எங்கள் ஆட்கள் குவாதலூப் என்ற கரிபியன் தீவைச் சேர்ந்த ஓர் உயரமான இளைஞனுக்கு எங்கள் ஊர்ப் பெயர் ஒன்றைச் சூட்டி முன்வரிசையில் இறக்கினார்கள். அவன் நாலு கோல் போட்டான். கோப்பை கிடைத்தது. சிறந்த ஆட்டக்காரர் என்று மேடையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டார்கள்; அவன் மேடைக்கு முன்னாலேயே நின்று கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது அவனும் மற்றவர்களோடு சேர்ந்து “யார் அது?” என்று திரும்பிப் பார்த்தான். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு எங்கள் சங்கம் எங்கே போனாலும், “இந்த முறை உங்கடை ஆளுக்குப் பேர் பாடமோ?” என்று கேட்பார்கள்.

ஆகவே தலைவரின் பயம் எனக்கு விளங்கியது. ஆனால் பொய்ப் பெயரோடு வந்தவனையும், எங்கள் வீட்டில் பெண் எடுத்து, தன் சொந்தப் பெயரோடு, வசந்தம் முழுவதும் புதன்கிழமை தவறாமல் பயிற்சிக்குப் போனவரையும் ஒரே தட்டில் வைத்தால் அதை நான் பயம் என்று சொல்ல மாட்டேன். வேறு பெயர் சொல்வேன்.

எட்டு மணிக்குத் தங்கை, அவள் கணவர், அவர்களின் ஆறு வயது மகள் மூவரும் அடுத்த தெருவிலிருந்து வந்தார்கள். அவர் கையில் ஒன்றும் இல்லை. தங்கை மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையை என்னிடம் நீட்டினாள். அவருடைய சப்பாத்துகள். அவருக்குத் தெரியாமல் உடுப்புப் பையின் அடியில் வைத்தேன். எல்லோருமாகக் கார் து நோருக்கு நடந்து, போட்டி நடக்கும் செவ்ரானுக்கு ரயில் ஏறினோம்.

ரயிலில் அவரிடம் கேட்டேன். “தம்பி, உமக்குக் கோவம் வரேல்லையோ?”

அவர் யோசித்தார். பிறகு தமிழ் பாதி, பிரெஞ்சு பாதியாகச் சொன்னார். “கதவைச் சாத்திப்போட்டு நான் எந்த ஊருக்கு எண்டு மற்ற ஆக்கள் கதைக்கிறது எனக்குப் பழக்கம் அக்கா. ஆனால் அந்த ஓட்டலிலை ஒருநாளும் ‘நீ ஒரு ஊருக்கும் இல்லை’ எண்டு சொல்லேல்லை.”

தான் ஏன் இந்த ஆட்டத்தைக் கேட்கிறார் என்பதையும் சொன்னார். கோடை முடிய முழங்காலில் மறுபடியும் சிகிச்சை. அதற்குப் பிறகு ஓடக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முழங்கால் போனது பயிற்சியில். அதற்கு முன் ஆடிய ஆட்டம் எது, எதிரணி எது, வென்றதா தோற்றதா என்று அவருக்கு ஞாபகமில்லை. ஏனென்றால் அது கடைசி ஆட்டம் என்று அன்று அவருக்குத் தெரியாது.

“கடைசி எண்டு தெரிஞ்சு ஒண்டு ஆட வேணும் அக்கா. இவையள் பாக்க வேணும்.” தங்கையையும் மகளையும் காட்டினார். தங்கை அவருடைய ஆட்டத்தைக் கைத்தொலைபேசியில் மட்டுமே பார்த்தவள். பழைய காணொளி, ஆட்கள் எறும்பு அளவு.

உடுப்புப் பையின் கைப்பிடியை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டேன். என்ன செய்வதென்று அப்போதுதான் முடிவெடுத்தேன்.

மைதானத்தில் கூடாரங்கள் அடித்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு, கொத்துரொட்டித் தகட்டின் சத்தம் அதற்கு மேலால். எங்கள் முதல் ஆட்டம் பக்கத்து ஊர்ச் சங்கத்தோடு. அங்கே ஊரில், கடற்கரையில், எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு பனங்காணிதான். ஆனால் பகை பழையது. எங்கள் பொடியன்கள் கூடாரத்துக்குப் பின்னால் பெனியனோடு நின்றார்கள். தலைவர் கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

“தங்கச்சி, உடுப்பைத் தாங்கோ. நேரம் போட்டுது.”

“தாறன் அண்ணை. மூண்டாம் நம்பர் ஆருக்கு?”

“அது ஆருக்கோ. சட்டை ஆள் பாத்தே ஒட்டப்போகுது?”

“நான் ஆள் பாத்துத்தான் மடிச்சனான்.”

பையை நிலத்தில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தேன். பை பெரியது. நானும் சின்ன ஆள் இல்லை.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. அக்காவுக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்து ஒருவன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். அதை வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னேன்: “அவரின்ரை பேர் பட்டியலிலை ஏறினால் நான் எழும்புவன். இல்லாட்டி ஒருத்தருக்கும் உடுப்பு இல்லை.”

“விசர்க்கதை கதையாதேங்கோ!”

“விசரெண்டால் இந்த விசரிதான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உங்கடை சேறு கழுவினது.”

எங்கள் கீப்பர் ஒரு வாடகைக்கார் ஓட்டுநர், வயிறு கொஞ்சம் முந்தியவர். மெல்லக் கிட்ட வந்தார். “அக்கா, எனக்கு மட்டும் தாங்கோ. கீப்பருக்கு வேறை கலர்தானே, அது கணக்கிலை வராது.”

“உம்மடை சட்டைதான் அடியிலை கிடக்கு. எழும்பினால்தான் எடுக்கலாம்.”

பொடியன்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. ஒலிபெருக்கி எங்கள் அணியைக் கூப்பிட்டது: “உடனடியாக மைதானத்துக்கு வரவும். வரத் தவறினால் எதிரணி வெற்றி பெற்றதாக அறிவிக்கப்படும்.” கொஞ்சம் கழித்து அதே குரல், “உடுப்பு மாத்துறதிலை ஏதோ பிரச்சினையாம்,” என்றது. எல்லாக் கூடாரங்களிலும் சிரிப்பு.

“ஊர்ப் பேரைக் கெடுக்கிறியள்,” என்றார் தலைவர்.

“கோப்பையைத் திருப்பிக் குடுத்த அண்டைக்கு நான் மேடையிலை இல்லை அண்ணை. நீங்கள்தான் நிண்டனீங்கள்.”

“அதுக்குத்தானே சொல்லுறன்! ஒருக்கால் பட்டது காணாதோ? இவரைப் பாத்த உடனை வெள்ளைக்காரனைப் பிடிச்சு இறக்கிப்போட்டாங்கள் எண்டுவாங்கள்.”

“வெள்ளைக்காரனோ? பக்கத்திலை நிண்டு பாருங்கோ. உங்களை விட ஒரு பிடி கறுப்பு.”

“நிறத்தை விடுங்கோ. சங்கத்து விதி இருக்கு.”

“விதியைச் சொல்லுங்கோ.”

அவர் சொன்னார். ஊரில் பிறந்தவர், ஊர்ப் பெற்றோருக்குப் பிறந்தவர், ஊரில் பெண் எடுத்தவர். மூன்றாவதைச் சொல்லும்போதே அவருடைய வேகம் குறைந்தது.

“அந்த மூண்டாவது ஆருக்காக எழுதினது அண்ணை?”

எல்லோருக்கும் தெரியும். சங்கம் தொடங்கியபோது அவர் கடை வைத்திருந்தார், வான் வைத்திருந்தார், ஓடித் திரிந்து வேலை செய்தார். ஆனால் அவர் பிறந்தது கடலே தெரியாத ஓர் உள்நாட்டு ஊரில். எங்கள் ஊரில் பெண் எடுத்தவர். அவரைச் சேர்ப்பதற்காகவே அந்த வரியை எழுதினார்கள். எழுதிய நாளிலிருந்து அதை யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. எங்கள் ஆட்கள் அப்படித்தான். ஒருவரை உள்ளே எடுத்துவிட்டால் அவர் வந்த வாசலைப் பிறகு காட்ட மாட்டார்கள். அன்று நான் காட்டினேன். காட்டியதற்காக இன்றும் நான் வருந்தவில்லை.

“நான் தமிழன்!” என்றார்.

“இல்லையெண்டு ஆர் சொன்னது? ஆனால் விதியிலை ஊர் எண்டுதான் கிடக்கு. ஊர் எண்டு பாத்தால் நீங்களும் மாப்பிள்ளை, அவரும் மாப்பிள்ளை. ரெண்டு பேரும் ஒரே வாசலாலைதான் வந்தனீங்கள். பின்னாலை வாறவருக்கு ஏன் கதவைச் சாத்துறியள்?”

கீப்பர் வானத்தைப் பார்த்தார். என் தங்கையின் கணவர் சற்றுத் தள்ளி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அக்கா, போதும், எழும்புங்கோ” என்று ஒருமுறை சொன்னார். நான் எழும்பவில்லை. அவருக்காக மட்டும் உட்கார்ந்திருந்தால் எழும்பியிருப்பேன். அதற்குள் அது எனக்காகவும் ஆகிவிட்டது.

தலைவர் கடைசியில் ஒரு தந்திரம் செய்தார். “சரி. அவங்கள் ஒத்துக்கொண்டால் எனக்கு ஒண்டுமில்லை,” என்று எதிரணிச் செயலாளரைக் கூப்பிட்டனுப்பினார். பக்கத்து ஊரான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டான் என்பது அவர் கணக்கு.

செயலாளர் வந்தார். மெலிந்த மனிதர், தபால்காரர். பையின் மேல் இருந்த என்னைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். பிறகு மெக்சிக்கோக்காரரிடம் போனார்.

“எங்கை பெண் எடுத்தனீர்?”

“இஞ்சை அண்ணை. இந்த அக்காவின்ரை தங்கச்சி.”

தமிழைக் கேட்டதும் செயலாளரின் புருவம் உயர்ந்தது. “எத்தினை வயசு?”

“முப்பத்தெட்டு.”

“முழங்காலிலை என்ன கட்டு?”

“ரெண்டு கால் அண்ணை. ஒண்டு நல்லம்.”

செயலாளர் வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் தலைவரின் தோளில் தட்டினார். “விடுங்கோ, விளையாடட்டும். எங்கடை பொடியன் வலது பக்கத்தாலை ஓடுறவன். பத்தொன்பது வயசு. உங்கடை மாப்பிள்ளை அங்கை நிண்டால் எங்களுக்கு ரோட்டுப் போட்டுத் தந்த மாதிரி.”

தலைவர் பேனாவை எடுத்தார். பெயரை எழுதும்வரை பார்த்திருந்துவிட்டு எழுந்தேன். மேலிருந்து வரிசையாகக் கொடுத்தேன். மூன்று வந்தபோது அவர் இரண்டு கையாலும் வாங்கினார். அடியிலிருந்து சப்பாத்தை எடுத்துக் கொடுத்தபோதுதான் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் வேறெங்கோ பார்ப்பதுபோல நின்றாள்.

ஆட்டத்தைப் பெரிதாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எங்கள் அணி எப்படியோ அப்படித்தான் ஆடியது. அந்தப் பத்தொன்பது வயதுக்காரன் முதல் தடவை அவரைத் தாண்டி ஓடியபோது எதிர்க்கூடாரம் எழுந்து நின்று கூவியது. “ரோட்டு நல்ல ரோட்டு!” என்று ஒருவர் கத்தினார். இரண்டாம் தடவையும் தாண்டினான். மூன்றாம் தடவை அவர் அவனோடு ஓடவில்லை. அவன் எங்கே வருவானோ அங்கே முன்கூட்டியே போய் நின்றார். அவனைத் தொடாமல் பந்தை மட்டும் எடுத்து, நிமிராமலே, மைதானத்தின் மறுகரைக்கு அடித்தார். பந்து எங்கள் பொடியனின் காலடியில் போய் இறங்கியது. யாரோ கையில் கொடுத்த மாதிரி. கொத்துத் தகடு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் பொடியன் அந்தப் பந்தைக் கோலுக்கு மேலால் அனுப்பினான் என்பதையும் எழுத வேண்டும்.

அதற்குப் பிறகு அவருடைய குரல்தான் கேட்டது. சமையலறையில் அவர் கற்றது அவ்வளவுதான், அதையே மைதானத்தில் கத்தினார். பின்னால் ஆள் வந்தால் “பின்னாலை, பின்னாலை!” பந்தை உடனே கொடுக்க வேண்டும் என்றால் “சுடுது அண்ணை, சுடுது!” நடுவில் நின்று வழி மறைப்பவனுக்கு “விலத்துங்கோ!” எங்கள் பொடியன்களில் பாதிப் பேர் இங்கே பிறந்தவர்கள், தாய் தகப்பனுக்கே பிரெஞ்சில் பதில் சொல்பவர்கள். அன்று அவர்களும் “சுடுது, சுடுது” என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். எதிர்க்கூடாரத்தில் ஒரு கிழவர், “எட, இவன் எங்கடை சாப்பாட்டுக்கடைக்காரனெல்லோ!” என்றார்.

இரண்டாம் பாதியில் கால் இழுத்தது. மாற்று ஆள் வேண்டுமா என்று தலைவர் கரையிலிருந்து கை காட்டினார். அவர் தலையை ஆட்டி மறுத்தார். என் தங்கை கையை வாயில் வைத்திருந்தாள். மகள் பிரெஞ்சில் “அலே பப்பா!” என்று கத்திக் குரல் அடைத்துப்போனாள். ஆட்டம் முடியும் தறுவாயில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். அது அவர் பக்கத்தால் வந்த கோல் இல்லை. ஆனால் அவர் பக்கத்தால் வந்திருந்தாலும் நான் இதே தொனியில்தான் எழுதியிருப்பேன். நடுவர் ஊதினார். தோற்றோம். அந்தப் போட்டியில் எங்களுக்கு வேறு ஆட்டம் இல்லை.

அவர் கோட்டுக்கு வெளியே வந்து புல்லில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். அந்தப் பத்தொன்பது வயதுக்காரன் ஓடி வந்து கைகொடுத்து, பிரெஞ்சில் ஏதோ கேட்டான். எங்கே ஆடினீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அவர் ஒரு பெரிய பட்டியலைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். “இஞ்சை,” என்று எங்கள் கூடாரத்தைக் காட்டினார்.

பிறகு என்னிடம் திரும்பி, “பக்கத்து ஊரோடை, ஒண்டுக்குப் பூச்சியம், தோல்வி,” என்றார். “இனிக் கேட்டால் சொல்லலாம் அக்கா.”

தலைவர் விடவில்லை. உடுப்புகளைச் சேர்த்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தார். முகத்தில் கோபத்தைவிடக் களைப்புத்தான் இருந்தது.

“பாத்தியள்தானே. தோத்துட்டம்.”

“தோத்தது பதினொரு பேர் அண்ணை. போன வருசமும் தோத்தனாங்கள். அப்ப அவர் இல்லை.”

“எப்பிடியோ, கமிட்டியிலை கதைச்சிட்டம். அடுத்த வருசம் அந்த மூண்டாவது விதியிலை ‘தமிழர்’ எண்ட சொல்லைச் சேர்க்கிறம். அப்ப ஒரு கதையும் வராது.”

பந்தியில் எழுந்து கை தட்டியதும் இதே ஆள்தான். கையிலிருந்த மூன்றாம் எண் சட்டையை என் தோள்பையில் வைத்தேன். மற்றவை எல்லாவற்றையும், புழுதியும் புல்லும் வியர்வையுமாக, பெரிய பையில் திணித்து, ஜிப்பை இழுத்து, பையை அவர் காலடியில் வைத்தேன்.

“இந்தாங்கோ. குளிர்தண்ணியிலை, உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டுக் கழுவோணும். இல்லாட்டி நம்பர் உரியும்.”

“தங்கச்சி, உதென்ன? ஆர் கழுவுறது?”

“கமிட்டியிலை கதையுங்கோ.”

திரும்பி வரும் ரயிலில் மகள் தகப்பனின் மடியில் நித்திரையானாள். அவர் முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு முழு வழியும் தங்கையோடு பேசிக்கொண்டு வந்தார். எந்த நேரம் எங்கே நின்றேன், ஏன் அந்தப் பந்தைத் தொடவில்லை என்று விரலால் கண்ணாடியில் கோடு போட்டுக் காட்டினார். அவளும் ஒவ்வொன்றுக்கும் “ஓம், கண்டனான்” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்த ஒரு சட்டையைக் கையால் கழுவிப் பிழிந்து, இரவு குளியலறையில் தொங்கவிட்டேன். நாட்குறிப்பை எழுதினேன். படுத்தேன்.

திங்கட்கிழமை ஐந்தரைக்கு எழுந்தேன். தேநீர் வைக்கவில்லை. முதல் வேலையாகக் குளியலறையிலிருந்து சட்டையை எடுத்து வந்து, தெருப் பக்க ஜன்னலைத் திறந்து, முதுகுப் பக்கம் வெளியே தெரியும்படி அதைக் கம்பியில் போட்டேன். எதிரே தலைவர் கடையின் இரும்புக் கதவைப் பாதி தூக்கியபடி மேலே பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். கீழே நடைபாதையில் என் தங்கையின் கணவர் ஒரு காலை இழுத்தபடி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவரும் நிமிர்ந்து பார்த்தார்.

“அக்கா, காத்து வருது, விழப்போகுது,” என்றார். “கிளிப் போடுங்கோ.”

இரண்டு தோளிலும் ஒவ்வொரு கிளிப் போட்டேன்.